யோவான் நற்செய்தியின் ‘ஆட்டுத்தொழுவம்’: கொங்கு மேய்ச்சல் வழக்கின் துணைகொண்டு ஒரு சொற்பொருள் விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் ஆடு, அடைப்பு, வாசல், மேய்ப்பன், கூலியாள் ஆகிய குறியீடுகளால் அமைந்தது. இவற்றைத் தமிழில் பெயர்த்தோர் தேர்ந்துகொண்ட சொற்கள் குறியீட்டின் பொருளைச் சில இடங்களில் குறுக்கியும் சில இடங்களில் மூலத்தைவிடத் தெளிவாக்கியும் உள்ளன. கொங்கு நாட்டு ஆடு வளர்ப்பு வழக்கில் உள்ள பட்டி, படல், முடுக்குதல் முதலிய சொற்களோடு அவற்றை ஒப்பிட்டு, குறிப்பாகக் ‘கூலியாள்’ என்னும் சொல் உழைக்கும் மக்களிடையே வாசிக்கப்படும்போது எழும் சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விவிலியத் தமிழ், யோவான் நற்செய்தி, குறியீடு, கொங்கு வட்டார வழக்கு, பட்டி, தொழுவம், கூலியாள்.

முன்னுரை

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கடவுட்பெயர்களைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்னும் சொற்களுள் எது தக்கது என்ற விவாதம் சீகன்பால்க்கு காலந்தொட்டு நடந்துவந்தது. அவ்விவாதத்தின் முதன்மையை மறுப்பதற்கில்லை. ஆயின், விவிலியத்தை நாள்தோறும் வாசிப்போர் மனத்தில் கருத்தை உருவாக்குவன கடவுட்பெயர்கள் மட்டுமல்ல. கலப்பை, களம், நுகம், கிணறு, ஆடு முதலிய புழங்குபொருட் சொற்களும் அப்பணியைச் செய்கின்றன. இச்சொற்களை வாசகர் அகராதியைக் கொண்டு அறிவதில்லை. தம் ஊரில் கண்டதைக் கொண்டே அறிகின்றனர்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய மாவட்டங்கள் அடங்கிய கொங்குப் பகுதி இவ்வகை ஆய்வுக்கு ஏற்ற களமாகும். காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்கள் ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே பெறும் வறண்ட நிலம். இங்குக் கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் ‘கொறங்காடு’ என்னும் தனியார் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. இரு பக்கமும் வேலி அமைந்த ‘இட்டேரி’ வழியாக ஆடுமாடுகள் அவற்றுக்குச் சென்று திரும்பும். வறண்ட மேட்டு நிலம், ஆட்டு மந்தை, முள்வேலி, இரவுக் காவல் என்னும் கூறுகளில் பாலஸ்தீன மேய்ச்சல் வாழ்வோடு ஒப்பிடத்தக்க நிலப்பகுதி தமிழகத்தில் இருக்குமாயின், அதனை முதலில் இங்கேதான் தேடவேண்டும்.

யோவான் நற்செய்திக்கும் கோயம்புத்தூருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயம் 1950இல் அமைந்தபோது அதன் முதல் பேராயராகப் பொறுப்பேற்ற ஏ. ஜே. அப்பாசாமி, அந்நற்செய்தியின் அனுபூதி நெறியை இந்துப் பக்தி இலக்கியத்தோடு ஒப்பிட்டு ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய ஒப்பீடு பக்தி இலக்கியத்தை மையமாகக் கொண்டது. அந்நற்செய்தி பயன்படுத்தும் மேய்ச்சற் சொற்களை அவர் பணியாற்றிய பகுதியின் மேய்ச்சல் வழக்கோடு வைத்துப் பார்ப்பது அதற்குத் துணைநிற்கும் மற்றொரு வழியாகும்.

கூரையில்லாத அடைப்பு

யோவான் 10:1இலும் 10:16இலும் ஆடுகள் அடைக்கப்படும் இடத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘அவ்லே’ என்பதாகும். சுவரோ வேலியோ சூழ்ந்த, மேலே கூரையில்லாத வெளி என்பது இதன் அடிப்படைப் பொருள். வீட்டின் முற்றத்துக்கும் மாளிகையின் உள்வெளிக்கும் இச்சொல்லே வழங்கும். ஹென்றி பவர் முன்னின்று உருவாக்கி 1871இல் முழு விவிலியமாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு இதனைத் ‘தொழுவம்’ என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் ‘கொட்டில்’ என்றது.

இவ்விரு சொற்களும் இன்றைய வாசகர் மனத்தில் கூரையுள்ள கட்டடத்தையே எழுப்புகின்றன. கொட்டில் என்பதில் இது வெளிப்படை. தொழுவம் என்பதன் வரலாறு சற்றுச் சிக்கலானது. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவுவதற்காகக் காளைகள் விடப்படும் இடம் ‘தொழு’ எனப்படுகிறது. அது திறந்த அடைப்பே. எனவே பழம்பொருளைக் கொண்டு நோக்கின் ஐக்கிய மொழிபெயர்ப்பின் தேர்வு பிழையன்று. பிற்கால வழக்கில் அச்சொல் மாடு கட்டும் சாலை என்னும் பொருளுக்குச் சுருங்கியது. இதனோடு கிறித்தவ வழிபாட்டு மரபும் சேர்ந்துகொண்டது. இயேசு மாட்டுத்தொழுவத்தில் பிறந்தார் என்பது தமிழ்க் கிறித்தவரிடையே நிலைபெற்ற தொடர். லூக்கா நற்செய்தியில் தொழுவம் பற்றிய பேச்சே இல்லை. குழந்தை கிடத்தப்பட்ட தீனித்தொட்டி மட்டுமே (2:7) சொல்லப்படுகிறது. ஆயினும் ஆண்டுதோறும் திசம்பரில் வைக்கோல் வேய்ந்து அமைக்கப்படும் குடில், தொழுவம் என்ற சொல்லுக்குக் கூரையை நிரந்தரமாக்கிவிட்டது. தொழுவம் என்பதைத் தொழுதல் என்னும் வினையோடு இணைத்துப் பொருள் காணும் ஆசை எழுவது இயல்பு. கிரேக்க மூலத்தில் அதற்கு எவ்வித இடமும் இல்லை.

கொங்கு வழக்கில் ஆடுகளுக்குரிய அடைப்பு ‘பட்டி’ எனப்படும். மூங்கிலாலோ முள்ளாலோ பின்னிய படல்களை நான்கு புறமும் நிறுத்திக் கட்டுவது இது. மேலே வானம்தான். நிலத்துக்கு எரு சேரவேண்டும் என்பதால் சில இரவுகளுக்கு ஒருமுறை படல்களைப் பிரித்து அடுத்த இடத்தில் நாட்டுவர். மாடுகளுக்குக் கட்டுத்தறி வேறு. வீட்டையொட்டிய தொண்டுப்பட்டி வேறு. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) தொடங்கி எழுந்த கொங்கு நாவல்களிலும், பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யிலும் (2000) இத்தகைய சொற்கள் பதிவுபெற்றுள்ளன.

கூரையற்றது, காவலை வேண்டுவது என்னும் இரு கூறுகளிலும் பட்டி ‘அவ்லே’க்கு நெருங்கி நிற்கிறது. இவ்வேறுபாடு குறியீட்டின் பொருளைத் தொடுகிறது. தொழுவம், கொட்டில் என்னும் சொற்கள் ஆடு தங்கிவாழும் இல்லத்தை உணர்த்துகின்றன; அதனால் அவ்விடம் திருச்சபையின் பாதுகாப்பைக் குறிக்கும் என்ற விளக்கம் எளிதில் தோன்றிவிடுகிறது. பட்டியோ ஓர் இரவின் ஏற்பாடு. விடிந்தால் ஆடுகள் வெளியேற வேண்டும். யோவான் 10:3-4 பகுதியின் வினைகளும் வெளியே அழைத்தல், வெளியே கொண்டுவருதல், முன்னே நடத்தல் என வெளியேற்றத்தையே சுட்டுகின்றன. மேய்ப்பனின் பணி ஆடுகளை உள்ளே வைத்திருப்பதில் முடிவதன்று என்பதைப் பட்டி என்னும் சொல் தானே உணர்த்திவிடும்.

லூக்கா 2:8இல் வயல்வெளியில் தங்கிய இடையர்களைக் குறிக்கும் கிரேக்க வினை, ‘வயல்’ என்பதையும் இதே ‘அவ்லே’ என்பதையும் இணைத்து அமைந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது. வெட்டவெளியில் பட்டிக்குக் காவலாகப் படுத்துறங்கும் கொங்கு வழக்கத்தை அறிந்தவருக்கு அவ்வினை விளக்கம் வேண்டாமலே விளங்கும்.

வாசலா, கதவா?

‘தூரா’ என்னும் கிரேக்கச் சொல் கதவையும் வாசலையும் ஒருசேரக் குறிக்கும். தமிழில் இவை இரண்டு. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். ஐக்கிய மொழிபெயர்ப்பு யோவான் 10இல் ‘வாசல்’ என்றது. சீடர்கள் அச்சத்தால் அடைத்துக்கொண்டிருந்த அறையைப் பேசும் 20:19இல் அதே சொல்லைக் ‘கதவு’ என்றது. திருவிவிலியம் 10ஆம் அதிகாரத்தில் ‘வாயில்’ என்கிறது. கதவு அடைப்பதற்குரியது, வாசல் கடப்பதற்குரியது. இயேசு தம்மை இதனோடு ஒப்பிடும் 10:9இல் உள்ளே செல்லுதலும் வெளியே செல்லுதலும் மேய்ச்சல் காணுதலும் பேசப்படுவதால், வாசல் என்ற தேர்வு மிகப் பொருத்தமானது. மூலத்தில் இருபொருள்பட நின்ற சொல்லைத் தமிழ் தெளிவாக்கிய இடம் இது. பட்டிக்கு நிலைக்கதவு இல்லை; ஒரு படலை நகர்த்தினால் அவ்விடமே வழி. வழியில் மேய்ப்பன் இருந்தால் அவனே வாசல்.

எனினும் தமிழில் மறைந்துபோன தொடர்பு ஒன்றுண்டு. தலைமைக் குருவின் மாளிகைக்குள் பேதுரு நுழையும் 18:15-17 பகுதியில் ‘அவ்லே’, ‘தூரா’, வாசற்காவலர் ஆகிய மூன்று சொற்களும் மீண்டும் வருகின்றன. 10ஆம் அதிகாரத்தின் ஆட்டடைப்பும் 18ஆம் அதிகாரத்தின் முற்றமும் கிரேக்க வாசகருக்கு ஒரே சொல். ஐக்கிய மொழிபெயர்ப்பு முதலதைத் தொழுவம் என்றும் பின்னதை அரமனை என்றும் பெயர்த்தது. ஆபத்து வந்தபோது மேய்ப்பனை அறியேன் என்று பேதுரு சொன்னது ஓர் ‘அவ்லே’யின் வாசலில் என்பதும், ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு 21:15-17இல் அவரிடமே ஒப்படைக்கப்படுகிறது என்பதும் இதனால் தமிழ் வாசகரின் கவனத்துக்கு வருவதில்லை.

பட்டியும் மந்தையும்

மேற்கூறியவற்றால் ‘பட்டி’ என்றே பெயர்த்திருக்கலாம் என்று முடிவு செய்துவிட இயலாது. யோவான் 10:16 இரு வேறு சொற்களை எதிரெதிரே நிறுத்துகிறது. அடைப்பைக் குறிக்க ‘அவ்லே’; ஆட்டுத்திரளைக் குறிக்கப் ‘பொய்ம்னே’. வேறு அடைப்புகளைச் சேர்ந்த ஆடுகளும் உண்டு, இறுதியில் திரள் ஒன்றாகும் என்பது அவ்வசனத்தின் கருத்து. ஒரே அடைப்பு உண்டாகும் என்று அங்குச் சொல்லப்படவில்லை. இலத்தீன் வுல்காத்தா இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தது. அதனைப் பின்பற்றியது போலவே 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒரே அடைப்பு எனப் பொருள்பட அமைத்தது. 1881இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பே அதனை மாற்றியது. ஒற்றை நிறுவனமாகத் திருச்சபை அமைய வேண்டும் என்ற வாதத்துக்கும், பல சபைகள் ஒரே மேய்ப்பனின் கீழ் இணையலாம் என்ற வாதத்துக்கும் இடையிலுள்ள தொலைவு இந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. ஐக்கிய மொழிபெயர்ப்பு தொழுவம், மந்தை என இரண்டாகப் பிரித்துக் காத்தது பாராட்டத்தக்கது.

கொங்கு வழக்கில் பட்டி என்பது அடைப்பையும் குறிக்கும், அடைபடும் ஆட்டுத்திரளையும் குறிக்கும். ஒரு பட்டி ஆடு என்பது இயல்பான பேச்சு. மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கலாகக் கொண்டாடும்போது பட்டி பெருகவேண்டும் என வாழ்த்துவது கால்நடை பெருகுவதைக் கருதியே. இதற்கும் மேலாக, பட்டி ஊர்ப்பெயரின் ஈறாகவும் ஆகிவிட்டது. கொங்கின் பழைய கத்தோலிக்கத் தலமான கருமத்தம்பட்டியின் பெயரிலேயே அது நிற்கிறது. 10:16இல் பட்டி என்ற சொல்லை இட்டிருந்தால் வுல்காத்தாவில் நேர்ந்ததே தமிழிலும் நேர்ந்திருக்கும். வட்டாரச் சொல் குறியீட்டை விளக்க உதவும். எல்லா இடத்திலும் அதுவே மொழிபெயர்ப்பாகி நிற்கத் தகுதியுடையதாகாது.

‘ஆடு’ என்னும் சொல்லும் ஒரு சிறு குறிப்பை வேண்டுகிறது. கிரேக்க மூலம் செம்மறியைக் குறிப்பது. மத்தேயு 25:32இல் வேறுபாடு வேண்டப்பட்டதால் தமிழில் செம்மறியாடு, வெள்ளாடு எனப் பிரித்துக் காட்டப்பட்டது. யோவான் 10இல் ஆடுகள் என்பதோடு நின்றுவிட்டது. குரலுக்குக் கட்டுப்பட்டுத் திரளாகப் பின்செல்வது செம்மறியின் இயல்பு. வெள்ளாடு தழை கண்ட பக்கமெல்லாம் சிதறும். மேச்சேரி, கோயம்புத்தூர்க் குறும்பை ஆகிய செம்மறி இனங்களை அறிந்த நிலத்தில் இவ்விளக்கம் மிகையாகவே தோன்றும்.

முடுக்குதல்

யோவான் 10:4இல் மேய்ப்பன் ஆடுகளை வெளியே கொண்டுவருவதைக் குறிக்கும் வினை ‘எக்பல்லோ’. இது மென்மையான வினையன்று. வெளியே தள்ளுதல், துரத்துதல் என்பதே இதன் நேர்ப்பொருள். ஐக்கிய மொழிபெயர்ப்பு இதனை ‘வெளியே விடுதல்’ என்று தணித்தது. திருவிவிலியம் ‘ஓட்டுதல்’ என்ற வினையால் சற்று நெருங்கியது.

இவ்வினை முந்தைய அதிகாரத்திலும் வருகிறது. பிறவியிலிருந்தே பார்வையற்றிருந்து பார்வை பெற்ற மனிதரைச் சமயத் தலைவர்கள் வெளியே தள்ளினர் என 9:34-35 கூறுமிடத்தில் இதே ‘எக்பல்லோ’ இடம்பெறுகிறது. அதிகாரப் பிரிப்புகள் பிற்காலத்தில் வந்தவை. 9ஆம் அதிகாரத்தின் இறுதியில் பரிசேயரோடு நிகழும் உரையாடலின் தொடர்ச்சியாகவே 10:1 தொடங்குகிறது. தலைவர்கள் தள்ளியதும் ஒரு வெளியேற்றம். மேய்ப்பன் நிகழ்த்துவதும் ஒரு வெளியேற்றம். முன்னதில் மனிதர் தனித்து விடப்படுகிறார். பின்னதில் வெளியே வந்தபின் மேய்ப்பன் முன்னே நடக்கிறான். ஒரே வினையை இருமுறை வைத்து நற்செய்தியாளர் காட்டும் இவ்வெதிர்நிலை, தமிழில் ‘தள்ளுதல்’, ‘விடுதல்’ என இரண்டாகப் பிரிந்ததால் கரைந்துவிட்டது.

கொங்குப் பேச்சில் கால்நடையை ஓட்டிச்செல்லுதல் ‘பத்துதல்’, விரட்டுதல் ‘முடுக்குதல்’. காட்டில் புகுந்த ஆட்டை முடுக்குவதும் வீட்டைவிட்டு ஒருவரை முடுக்கிவிடுவதும் ஒரே சொல்லால் வழங்கும். கிரேக்க வினையின் இருமுகத்தையும் ஒருங்கே ஏந்தக்கூடிய வினை இது. மொழிபெயர்ப்பில் இடம்பெறுவதற்கு இதன் முரட்டுத்தன்மை தடையாகலாம். வகுப்பறை விளக்கத்தில் இதற்கு இணையான வேறு சொல் கிடைப்பது அரிது.

கூலியாள் யார்?

இவ்வதிகாரத்தின் மிகக் கடினமான சொல் 10:12-13இல் வருகிறது. நல்ல மேய்ப்பனுக்கு எதிராக நிறுத்தப்படுபவன் ‘மிஸ்தோதொஸ்’, அதாவது கூலி பெறுபவன். ஓநாயைக் கண்டதும் அவன் ஆடுகளை விட்டு ஓடுகிறான். ஐக்கிய மொழிபெயர்ப்பு அவனைக் ‘கூலியாள்’ என்றது.

கொங்கு நாட்டில் ஆடு மேய்த்தவர் யார் என்ற கேள்வி இங்குத் தவிர்க்கவியலாதது. ஆட்டுக்கு உரியவர் நிலவுடைமையாளர். மேய்த்தவர்களுள் பெரும்பகுதியினர் பண்ணையத்துக்கு விடப்பட்ட அருந்ததியர் சிறுவர்களும் பிற உழைக்கும் சாதியினரும் ஆவர். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) இச்சிறுவர்களின் உலகையே பேசுகிறது. எந்த ஆடு எப்போது ஈனும், எது கூட்டத்தை விட்டு விலகும், எது எந்தக் குரலுக்குத் திரும்பும் என்பதையெல்லாம் அறிந்தவர் கூலிக்கு மேய்ப்பவரே. ஆட்டைப் பெயர் சொல்லி அழைப்பவரும் அவரே. உடைமையாளர் அறிந்தது எண்ணிக்கை. ஓர் ஆடு குறைந்தால் பொறுப்பு மேய்த்தவர்மேல் விழும். யோவான் 10 மேய்ப்பனுக்குரியதாகக் கூறும் அறிமுகமும் குரலுறவும் இங்கே கூலியாளிடமும், உரிமை வேறொருவரிடமும் பிரிந்து கிடக்கின்றன.

1830 முதல் கோயம்புத்தூரிலும் பின்னர் ஈரோட்டிலும் இயங்கிய லண்டன் மிஷன் பணியின் வழியே கிறித்தவம் ஏற்றவருள் நிலமற்ற உழைப்பாளர் பலர். அவர்கள் முன்னிலையில் கூலியாள் ஓடிப்போவான், உடையவனே காப்பான் என்று இப்பகுதி விளக்கமின்றி வாசிக்கப்படும்போது, குறியீடு எதனைக் குறிக்க வந்ததோ அதற்கு நேர்மாறானதைச் சொல்லிவிடுகிறது. உடைமையின் பக்கம் அன்பையும் உழைப்பின் பக்கம் துரோகத்தையும் வைத்ததாக அது ஒலிக்கும். இவ்வகையில் இது பொருட்சிக்கல் மட்டுமன்று, நீதி பற்றிய சிக்கலுமாகும்.

மூல நூலின் பின்னணி அவ்வாறு பொருள்கொள்ள இடந்தரவில்லை. யோவான் 10க்கு அடித்தளமாக அமைந்தது எசேக்கியேல் 34. அங்குக் கண்டிக்கப்படும் மேய்ப்பர்கள் ஆடுகளைப் பேணாது தம்மையே பேணிக்கொண்ட இஸ்ரயேலின் ஆட்சியாளர்கள். அவர்கள் கூலிக்காரர்கள் அல்லர். முன்னர்க் கண்டவாறு 9ஆம் அதிகாரத்தின் தொடர்ச்சியாக வாசிப்பின், ஓடிப்போகும் ‘மிஸ்தோதொஸ்’ ஏழை உழைப்பாளியைச் சுட்டவில்லை. பார்வை பெற்றவரை வெளியே தள்ளிய தலைமையையே சுட்டுகிறது. பொறுப்பின் பயனைப் பெற்றுக்கொண்டு அதன் இடரை ஏற்க மறுப்பதே அங்குக் கண்டிக்கப்படும் குணம்.

கூலிக்கு மேய்ப்போர் பற்றிய விவிலியப் பார்வையும் இழிவானதன்று. தொடக்கநூல் 30, 31 ஆகிய அதிகாரங்களில் யாக்கோபு லாபானிடம் கூலிக்கு மேய்த்தவரே. பகல் வெயிலையும் இரவுக் குளிரையும் தாங்கியதையும், விலங்கு பீறிய ஆட்டின் இழப்பைத் தாமே ஈடுசெய்ததையும் அவர் லாபானிடம் எடுத்துரைக்கிறார் (31:39-40). விடுதலைப் பயணம் 22ஆம் அதிகாரத்துச் சட்டம் பிறர் கால்நடையைக் காப்பவரின் பொறுப்பு எவ்வளவு என்பதை வரையறுக்கிறது. காட்டு விலங்கு பீறியது உறுதியானால் அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இதனை மேலும் நுணுக்கி, ஓர் ஓநாய் வந்தது தவிர்க்கவியலாத இடர் ஆகாது, இரண்டு ஓநாய்கள் வந்தால் ஆகும் எனக் கணக்கிடுகிறது. கூலி மேய்ப்பர் ஓநாயை எதிர்த்து நிற்பார் என்பதே இச்சட்டங்களின் எதிர்பார்ப்பு. யோவான் காட்டும் உருவம் அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிய ஒருவனுடையது; கூலி வாங்குவோர் அனைவருடையதும் அன்று.

புதிய ஏற்பாட்டில் ‘மிஸ்தோதொஸ்’ என்னும் சொல் வரும் மற்றோர் இடம் மாற்கு 1:20 ஒன்றே. செபதேயுவின் புதல்வர்கள் தந்தையைக் கூலியாள்களோடு படகில் விட்டுச் சென்றனர் என்னும் செய்தி அது. உரிமைப் புதல்வர்கள் வலையை விட்டுச் செல்ல, முதியவரோடு படகில் நின்றவர்கள் கூலியாள்கள். ஐக்கிய மொழிபெயர்ப்பு இரண்டிடத்திலும் ஒரே சொல்லைக் காத்ததால் இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் வாய்ப்பு அதில் உண்டு. திருவிவிலியம் யோவான் 10:12இல் ‘கூலிக்கு மேய்ப்பவர்’ என்று பெயர்த்தது. கூலியாள் என்பது ஒருவரின் சமூக நிலையைச் சுட்டும் பெயர். கூலிக்கு மேய்ப்பவர் என்பது மேய்த்தலின் நோக்கத்தைச் சுட்டுவது. கூலி என்ற சொல் சாதியோடும் வறுமையோடும் பிணைந்து கிடக்கும் ஒரு பகுதியில், கண்டனம் ஆளின்மேல் விழாமல் நோக்கத்தின்மேல் விழுவதற்கு இப்பெயர்ப்பு வழிவிடுகிறது.